பின்சீட்டில் உட்கார்ந்த எஞ்சின்

ஒரு மலைக்காட்டில், தார் ரோடு முடிந்து ஜீப் தடம் தொடங்குகிற இடத்தில், சடையாண்டி என்கிற கரடி ஜீப் ஓட்டிப் பிழைத்துவந்தது. கரடிக்கு எதற்கு ஜீப் என்று கேட்காதீர்கள். சிங்கத்துக்கு எதற்குச் சிம்மாசனம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜீப்புக்குப் பேச்சி என்று பெயர். வயது நாற்பத்திரண்டு. நிறம் பச்சை என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வது கஷ்டம். கதவு கிடையாது. கூரை பாதிக்கு மேல் உண்டு. மழை வந்தால் பயணிகள் எல்லோரும் கூரை இருக்கிற பக்கமாக நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள், அதனால் ஊரில் யாருக்கும் யாரோடும் நீண்ட நாள் பகை இருந்ததில்லை.

ஓடை, பாறை, முழங்கால் அளவு சேறு என்று பேச்சி எதற்கும் சளைக்காது. "பேச்சிக்கு ரோடெல்லாம் வேண்டியதில்ல. எந்தப் பக்கம்னு கையக் காட்டுனாப் போதும்" என்று சடையாண்டி பீற்றிக்கொள்ளும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்துக்கு மூன்றாம் வளைவு என்று பெயர்.

மூன்றாம் வளைவு வந்ததும் பேச்சி இருமும். பிறகு குலுங்கும். பிறகு ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி விட்டுவிட்டு நின்றுவிடும். இது பல வருஷப் பழக்கம் என்பதால் யாரும் பதறுவதில்லை. ஆவி வருவதற்கு முன்பே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். முயல்கள் பின்னாலிருந்து தள்ளும். குரங்குகள் தள்ளாது, தள்ளுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும். மற்றவர்கள் அங்கே இருக்கிற தட்டைப் பாறையில் உட்கார்ந்து, எஞ்சின் ஆறும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். அந்தப் பாறையில் பேசி முடித்த கல்யாணங்கள் மட்டும் பதினேழு.

பயணிகளில் முக்கியமானது ஒச்சம்மாள் என்கிற வரையாடு. வரையாடு என்றால் உங்களுக்கே தெரியும், செங்குத்துப் பாறையில் சாவகாசமாக நடக்கிற ஜாதி. பேச்சி ஒரு முறை மேலே போய்ச் சேர்வதற்குள் ஒச்சம்மாள் நான்கு முறை போய்த் திரும்பிவிடும். ஆனாலும் ஜீப்பில்தான் போகும், அதுவும் முன்சீட்டில்தான் உட்காரும்.

"நீ நடந்தே போயிரலாமே ஆத்தா" என்று யாராவது கேட்டால், "நடந்து போனா நம்மள எவன் மதிப்பான்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும்.

இப்படியே போயிருந்தால் நமக்குக் கதை கிடைத்திருக்காது. ஒரு நாள் மூன்றாம் வளைவில் ஆவி வந்தபோது ஒரு குரங்கு, "அண்ணே, தண்ணி கொதிச்சிருச்சு, அரிசியக் களஞ்சு போடவா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சம்மாள் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தது. சடையாண்டியும் சிரித்துவைத்தது. ஆனால் அதற்கு உள்ளுக்குள் சுருக்கென்று குத்திவிட்டது. அதற்கு மனைவி மக்கள் என்று யாரும் கிடையாது. எல்லாம் பேச்சிதான். பேச்சியைப் பார்த்துச் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே அது எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் அது மெக்கானிக் கீரியின் கொட்டகைக்கு முன்னால் நின்றது. கீரியின் பெயர் சவரி. எந்த வண்டிக்கு அடியிலும் ஜாக்கி வைக்காமல் நுழைந்துவிடும் என்பதால் அந்தத் தொழிலுக்கு வந்தது. சவரியிடம் ஒரு நல்ல எஞ்சின் இருந்தது. பசுக்கள் சங்கத்துப் பால் வண்டி போன மாசம் ஓடையில் உருண்டு, உடம்பு நசுங்கி, எஞ்சின் மட்டும் கீறல் இல்லாமல் தப்பித்திருந்தது. டீசல் எஞ்சின். வயதும் குறைவு.

"இத மாட்டிருவோம்ணே" என்றது சவரி. "மூணாம் வளவ மூணாம் கியர்லயே ஏறிரும்."

"பேச்சிக்கு ஒத்துக்கிருமா சவரி?"

"ஒத்துக்கிற வப்போம்ல. ரெண்டே நாளு."

மெக்கானிக்குகள் சொல்கிற இரண்டு நாள் எவ்வளவு நீளம் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் யானை ஒன்று வந்து பழைய எஞ்சினைத் தும்பிக்கையால் தூக்கி வெளியே வைத்தது. அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. புது எஞ்சினை உள்ளே இறக்கிப் பார்த்தால், கியர் பாக்ஸில் இருக்கிற ஓட்டைகள் ஒரு பக்கமும் எஞ்சினில் இருக்கிற ஓட்டைகள் வேறு பக்கமும் இருந்தன. நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டு செய்ய வேண்டியதாயிற்று. தட்டு வைத்ததும் எஞ்சின் இரண்டு விரற்கடை முன்னால் வந்தது. எஞ்சின் முன்னால் வந்ததும் ரேடியேட்டருக்கு இடமில்லாமல் போயிற்று. ரேடியேட்டரை நகர்த்தியதும் பானட் மூட மறுத்தது. பானட்டில் ஒரு சதுரம் வெட்டி, அதற்கு மேல் ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்து மூடினார்கள். எஞ்சின் உட்காருகிற பழைய இரும்புக் கால்கள் இடைஞ்சலாக இருந்தன. சவரி அவற்றை அடியோடு அறுத்துத் தள்ளிவிட்டுப் புதிதாக நான்கு கால்களை வெல்டு வைத்தது. இப்படி அறுத்துத் தள்ளியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதாவது நாள் பேச்சி உறுமியது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. சடையாண்டி ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தது.

அன்று ஊரே ஏறிக்கொண்டது. முதல் வளைவு போயிற்று, இரண்டாம் வளைவு போயிற்று. மூன்றாம் வளைவு நெருங்கியதும் பயணிகள் பழக்க தோஷத்தில் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். பேச்சி நிற்கவே இல்லை. சடையாண்டி காற்றில் ரோமம் பறக்க, "பாத்தீகளா? பாத்தீகளா?" என்று கத்திக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், வண்டியில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. இறங்கினால் வண்டி போய்விடும் என்று புரிந்துவிட்டது. தட்டைப் பாறை காலியாகக் கிடந்தது. முயல் வீட்டில் ஒரு சம்பந்தம் பாதி பேசியபடி நின்றுபோயிருந்தது. ஓடுகிற வண்டியில் டீசல் சத்தத்துக்கு மேல் கத்திக் கல்யாணம் பேச முடியவில்லை. பெண் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கவில்லை. ஒச்சம்மாளுக்கு வெற்றிலை போடும் நேரம் தவறிப்போய் வாயில் ருசியே இல்லாமலாயிற்று. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சடையாண்டி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பேச்சிக்கு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதிதானா என்று பார்க்கிற தவணை வந்தது.

எஃப்.சி. பார்க்கிற அலுவலகம் மலை உச்சியில் இருந்தது. அங்கே ஒரு குளம் உண்டு. குளத்தில் மீன் உண்டு. அலுவலகம் அங்கே இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் கோப்பில் இல்லை. வாகன ஆய்வாளர் ஒரு நாரை. அரசு உத்தியோகம் என்பதால் நாமும் நாரையார் என்று மரியாதையாகவே சொல்லிவிடுவோம். நாரையார் ஒற்றைக் காலில் நின்றுதான் வேலை பார்ப்பார். இரண்டாவது காலைக் கீழே வைத்தால் அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நாரையார் பேச்சியின் பதிவுப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு தாளை வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேஸில், பொறித்திருந்த நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் தாளில் எழும்பி வந்தன. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு டால்டா டின்னை நகர்த்தி, எஞ்சின் மேல் தாளை வைத்துத் தேய்த்தார். ஒத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி ஒத்துப் பார்த்தார்.

"வண்டி எங்கய்யா?" என்றார்.

"இந்தா நிக்குதுங்களே சார்."

"இது ஒரு வண்டி. நான் கேக்குறது இந்தப் புத்தகத்துல இருக்கிற வண்டிய."

"அதுதாங்க சார் இது. எஞ்சின் மட்டும் மாத்திருக்கேன்."

"சேஸ் நம்பர் சரியா இருக்கு. அப்ப உடம்பு உன்னோடது. எஞ்சின் நம்பர் தப்பு. அப்ப உயிர் வேற யாரோடதோ."

"உயிர் பால் வண்டியோடதுங்க. அது ஓடையில உருண்டு..."

"செத்துப்போன பால் வண்டியோட உயிர் இதுக்குள்ள இருக்குன்னு என்னைய எழுதச் சொல்றியா? அப்படி எழுதுறதுக்கு இந்தப் பாரத்துல கட்டம் கிடையாது. மாத்துறதுக்கு முன்னாடி ஏன் அனுமதி கேக்கல?"

நிஜமாகவே சடையாண்டிக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. காட்டில் பல்லி வாலை மாற்றுகிறது, பாம்பு சட்டையை மாற்றுகிறது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

"இப்பக் கேட்டுக்கிறேன் சார்" என்றது பணிவாக.

"கேளு. பழைய எஞ்சின மாட்டி எடுத்துட்டு வந்து, 'இத மாத்தப் போறேன்'னு எழுதிக் குடு. பாத்துட்டு அனுமதி தர்றேன். அப்புறம் மாத்திக்க."

"மாத்தியாச்சே சார்."

"அப்ப எப்படிக் கேப்ப?" என்று நாரையார் சலித்துக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. பாரத்தில் இருப்பதைத்தான் அவரால் பார்க்க முடியும். புத்தகம் இருக்கிற வண்டி வரவில்லை, வந்த வண்டிக்குப் புத்தகம் இல்லை. அவர் ஒரு சிவப்புத் தாளை எடுத்து எச்சில் தொட்டுப் பேச்சியின் முகத்தில் ஒட்டினார். 'கேட்பாரற்ற வண்டி' என்று அதில் எழுதியிருந்தது.

"சார், நான் கேக்குறேனே! நாந்தானே சார் கேக்குறேன்!" என்று சடையாண்டி கதறியது.

"பத்து நாள் டைம். அதுக்குள்ள புத்தகத்துல உள்ள எஞ்சினோட புத்தகத்துல உள்ள வண்டி வந்தாகணும். இல்லாட்டி ஒடைக்கக் குடுத்துருவோம்."

"அதுவரைக்கும் வண்டி இங்கயா சார் நிக்கும்?"

"இங்க எடம் இல்ல. நீயே ஓட்டிட்டுப் போய் வீட்டுல நிப்பாட்டு."

சடையாண்டி கேட்பாரற்ற வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலமே காயலான்கடை முள்ளம்பன்றி வந்து ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பம்பரை மட்டும் தட்டிப் பார்த்தது. சத்தம் பிடித்திருந்தது போல. "கனமான இரும்பு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. சடையாண்டிக்கு அன்று தேன் இறங்கவில்லை. கரடிக்குத் தேன் இறங்காதது சாதாரண விஷயம் இல்லை.

விடிந்ததும் அது சவரியின் கொட்டகைக்கு ஓடியது. பழைய எஞ்சின் ஒரு மூலையில் கிடந்தது. சவரி அதன்மேல் டீ கிளாஸை வைத்திருந்தது.

"சவரி, பழச மாட்டிக் குடுத்துரு. ஒரே ஒரு நாளைக்கு."

சவரி டீயை உறிஞ்சியபடி தரையைப் பார்த்தது. "மாட்ட முடியாதுண்ணே."

"ஏன்?"

"அது உக்கார்ற காலையெல்லாம் அறுத்துட்டம்ல. இப்ப இருக்குற காலு பால் வண்டி அளவு. பழசு அதுல உக்காராது. திரும்பப் பழைய கால வைக்கணும்னா இதையும் அறுக்கணும். அறுத்து அறுத்து ஒட்டுனா சேஸு தாங்காதுண்ணே, நடுவுல முறிஞ்சிரும்."

"ஏன்டா அறுத்த?"

"இனிமே பழசு வேணாம்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? சந்தோஷமாச் சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். சடையாண்டி அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதது. பெரிய உருவம் அழுவதைப் பார்க்கச் சவரிக்குச் சங்கடமாக இருந்தது. டீ கிளாஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் துணியால் துடைத்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றாலும் ஏதாவது செய்யத் தோன்றியது.

எட்டு நாள் இப்படியே ஓடிவிட்டது. ஊர் ஆளாளுக்கு யோசனை சொன்னது. எஞ்சின் நம்பரை உளியால் செதுக்கி மாற்றிவிடலாம் என்றது ஒரு குரங்கு. சடையாண்டி அதைத் துரத்தியது. பேச்சியின் நம்பரைத் திருத்துவது பேச்சியின் பெயரை மாற்றுகிற மாதிரி அதற்குப் பட்டது. கடைசியில் ஒச்சம்மாள்தான், "பாரம் எழுதுற பரமேஸ்வரியப் போய்ப் பாரேன். சும்மா மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தா ஆச்சா?" என்று விரட்டியது.

பரமேஸ்வரி ஒரு நரி. நரி என்றதும் உங்கள் புருவம் உயர்வது எனக்குத் தெரிகிறது. இத்தனை வருஷமாகக் கதை கேட்டு வளர்ந்த பழக்கம். பரமேஸ்வரி முதல் வளைவில் ஒரு சின்ன மேஜை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்துவந்தது. வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை, ஏனென்றால் அந்தக் காட்டிலேயே விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்தது அது ஒன்றுதான்.

அது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்தது. "'பதிவுப் புத்தகத்தில் கண்ட எஞ்சின், ஆய்வின்போது, மேற்படி வாகனத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும்.' அவ்வளவுதாண்ணே."

"அதுதான் முடியாதுங்குறான் சவரி."

"முன்னாடிதானே முடியாது? எங்கன்னு இதுல எழுதலையே."

சடையாண்டிக்கு உடனே விளங்கவில்லை. பரமேஸ்வரி பொறுமையாகப் பேனாவால் மேஜை மேல் ஒரு ஜீப்பை வரைந்து, பின்சீட்டு இருக்கும் இடத்தில் ஒரு பெட்டியைப் போட்டுக் காட்டியது.

"பின்சீட்டக் கழட்டிட்டு, பழைய எஞ்சின அங்க வச்சு, நாலு போல்ட்டப் போட்டு முறுக்குங்க. பொருத்தியாச்சு. ஓடணும்னும் எழுதல, வேற எஞ்சின் இருக்கக் கூடாதுன்னும் எழுதல."

"இது ஏமாத்து வேலையில்லையா தங்கச்சி?"

"உங்கள ஒரு வார்த்த பொய் சொல்லச் சொன்னேனாண்ணே? அவரு கேட்டா உண்மையச் சொல்லுங்க. கேக்க மாட்டாரு."

பத்தாம் நாள் மதியம் பேச்சி மலை ஏறியது. பயணிகள் யாரும் இல்லை. முன்சீட்டில் பரமேஸ்வரி, பின்னால் பழைய எஞ்சின். சவரி அதைத் துடைத்து, கிரீஸ் தடவி, சம்பிரதாயத்துக்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு யாரோ பெரிய மனிதர் பின்சீட்டில் போகிற மாதிரித் தெரிந்தது. முயல்கள் தெரியாமல் வணக்கம்கூடப் போட்டன. மூன்றாம் வளைவில் பேச்சி ஒரு தடவை முனகியது. ஆனால் ஏறிவிட்டது.

மேலே அலுவலக வாசலில் ஒச்சம்மாள் நின்றிருந்தது.

"நீ எப்ப ஆத்தா வந்த?"

"நீ கெளம்புன சத்தம் கேட்டுச்சு. சரின்னு நானும் கெளம்பி வந்து, ஒரு தூக்கமும் போட்டுட்டேன். என் முன்சீட்டு என்னாகுமோன்னு மனசு கேக்கல" என்றது ஒச்சம்மாள். பரமேஸ்வரி இறங்கிய முன்சீட்டைக் காலால் தட்டிச் சுத்தமும் செய்துகொண்டது.

மணி நாலரை. நாரையார் பென்சிலோடு பானட் பக்கம் போனார்.

"சார், எஞ்சின் பின்னாடிங்க" என்றது பரமேஸ்வரி.

நாரையார் பின்னாடி வந்தார். மாலையை அலகால் நகர்த்திவிட்டு, தாளை வைத்துத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பத்து நாளாக அவருக்கும் அந்தக் கோப்பு உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"இதத்தானேய்யா அன்னைக்கே கொண்டுவரச் சொன்னேன்" என்றார். போல்ட்டை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளது" என்று எழுதினார். "மேடேறி வந்துருச்சு, அப்ப ஓடுது" என்று தானே சொல்லிக்கொண்டு அதையும் எழுதினார். முத்திரையை எடுத்து ஊதி, ஓங்கிக் குத்தினார்.

அதோடு பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் சடையாண்டி, உண்மை சொன்னவனுக்குப் பரிசு கிடைக்கிற கதைகளாகவே கேட்டு வளர்ந்த கரடி. முத்திரைச் சத்தம் கேட்டதும் அதற்கு மனசு பொறுக்கவில்லை. பரமேஸ்வரி காலை மிதித்தும் நிற்கவில்லை.

"சார், உண்மையச் சொல்லிர்றேன். பின்னாடி இருக்கிறது ஓடல சார். முன்னாடி இருக்கிற பால் வண்டி எஞ்சின்தான் வண்டிய இழுக்குது. இது சும்மா உக்காந்து வந்துச்சு. நீங்க என்ன தண்டன குடுத்தாலும் ஏத்துக்கிறேன், பேச்சிய மட்டும் ஒடச்சிராதீங்க."

ஒச்சம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டது. இந்த இடத்தில் நாரையார் கண் கலங்கி, "உன் நேர்மையை மெச்சினேன்" என்று சொல்லிப் பேச்சியை உடைக்காமல் விட்டிருக்க வேண்டும். முறைப்படி அப்படித்தான். ஆனால் நாரையாருக்கு வந்தது கோபம்.

"ஏன்யா, அறிவிருக்கா ஒனக்கு? எழுதி முடிச்சு முத்திர குத்துனதுக்கு அப்புறமா உண்மையச் சொல்றது? எழுதுனத நான் அடிச்சுத் திருத்துனா, ஏன் அடிச்சேன்னு மேல எழுதணும். மேல எழுதினா, மொதல்ல ஏன் எழுதினேன்னு கேப்பாங்க. உண்மை சொல்றவன் பென்சில எடுக்கிறதுக்கு முன்னாடியில்ல சொல்லணும்!"

"தப்புத்தான் சார்."

"நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லல. எஞ்சின் பின்னாடி இருக்கு. முன்னாடி இருக்கிறது..." நாரையார் அலகைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "ஸ்டெப்னி. டயருக்கு ஒரு ஸ்டெப்னி வச்சுக்கிற மாதிரி எஞ்சினுக்கு ஒண்ணு வச்சிருக்க. முன்ஜாக்கிரதையான ஆளுன்னு குறிப்புல எழுதிர்றேன்."

அப்படியே எழுதினார். சிவப்புத் தாளையும் அவரே கிழித்துப் போட்டார்.

"ஆனா ஒண்ணு. பின்னாடி இருக்கிற எஞ்சின் எந்தக் காலத்துலயும் வண்டிய விட்டு எறங்கக் கூடாது. எறங்குச்சுன்னா மறுபடி இது கேட்பாரற்ற வண்டி. எப்ப வேணும்னாலும் வழியில நிறுத்திப் பாப்பேன்."

சொல்லிவிட்டு இரண்டாவது காலைக் கீழே வைத்தார். மணி ஐந்து.

மறுநாள் ஊரே திருவிழா மாதிரி ஏறிக்கொண்டது. பின்சீட்டு இல்லாததால் முயல்கள் பழைய எஞ்சின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. குரங்குகள் கம்பியில் தொங்கின. ஒச்சம்மாள் முன்சீட்டில். சடையாண்டி சிவப்புத் தாள் இல்லாத பேச்சியின் முகத்தை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பியது.

முதல் வளைவில் பரமேஸ்வரி மேஜையிலிருந்து கை காட்டியது. இரண்டாம் வளைவு போயிற்று. மூன்றாம் வளைவில் பேச்சி உறுமியது. பிறகு முனகியது. ஊர் ஜனமும் அதோடு நாற்பத்திரண்டு வருஷத்துப் பழைய எஞ்சினும் சேர்ந்த பாரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தது. பிறகு குலுங்கியது. பிறகு டால்டா டின்னின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. பேச்சி நின்றுவிட்டது.

சடையாண்டி ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டது. நாற்பது நாள் வேலை, பத்து நாள் அழுகை, அவ்வளவும் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது. இனி அந்தக் குரங்கு அரிசியைக் களைந்து போடவா என்று கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக, சத்தமில்லாமல், அவரவர் இடத்திலிருந்து இறங்கினார்கள். முயல்கள் பின்னால் போய்த் தோள் கொடுத்தன. குரங்குகள் பக்கத்தில் நின்று எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லத் தொடங்கின. பெண் வீட்டு முயலும் மாப்பிள்ளை வீட்டு முயலும் தட்டைப் பாறையில் எதிரெதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கின. இப்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்டது. ஒச்சம்மாள் மெதுவாக இறங்கி, பாறையில் தன்னுடைய பழைய இடத்தைப் பார்த்து உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தது.

"ஏ சடையாண்டி, எறங்கி வாப்பா" என்று கூப்பிட்டது. "ரெண்டு மாசமா வாய் நமநமன்னு இருந்துச்சு. எங்க நிப்பாட்டாமயே போயிருவியோன்னு பயந்தே போனேன்."

சடையாண்டி இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தது. ஒச்சம்மாள் கொடுத்த வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டது. எஞ்சின் ஆறி முடிவதற்குள் பதினெட்டாவது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பின்சீட்டிலிருந்த செவ்வந்தி மாலையை எடுத்துவந்து பெண்ணுக்குப் போட்டார்கள்.

நீதி: பழைய எஞ்சினைச் சுமந்துகொண்டு மலை ஏறத் தெம்பு போதவில்லை என்றால், புது எஞ்சின் ஒன்று மாட்டிக்கொள்ளவும்.